ஹெல்மெட்டுக்கும் தைல வண்ணம்



அரையாண்டு லீவில் என் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு திருப்பாச்சூர் போய்வந்தேன். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். திருவள்ளூரிலிருந்து திருத்தணி போகிற சாலையில் கொஞ்ச தூரம்தான். கம்பெனி பஸ்களும் லாரிகளும் ஒன்றையொன்று முந்துகிற சாலை அது. அதை விட்டு உள்ளே திரும்பிவிட்டால் சத்தம் அடங்கி, வாசீஸ்வரர் கோயில் வந்துவிடும். அப்பரும் சம்பந்தரும் பாடிய கோயில். பாசு என்றால் மூங்கில். மூங்கில் காடாக இருந்த இடம் என்பதால் பாசூர் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள்.

இந்தக் கோயிலின் விமானத்தைச் சுற்றிப் போய்ப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். பெரும்பாலான கோயில்களில் கருவறையின் பின்சுவர் நேராக நிற்கும். இங்கே வளைந்து போகிறது. யானை படுத்துத் தூங்கும்போது அதன் பின்பக்கம் உருண்டு தெரியுமே, அந்த மாதிரி. அதனால் இதற்குத் தூங்கானை மாடம் என்று பெயர். தொண்டை மண்டலத்துக் கோயில்கள் பலவற்றில் இந்த வடிவத்தைப் பார்க்கலாம்.

“பின்னாடி போய் நின்னு போட்டோ எடுக்கிற கோயில் இது ஒண்ணுதான் மாமா” என்று சொல்லிக்கொண்டே என் செல்போனை வாங்கி, ஒரே நிமிஷத்தில் பதினான்கு படம் எடுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பதின்மூன்று படம் ஆடிப் போயிருந்தது. மிஞ்சிய ஒன்றில் விமானம் இருந்தது. கூடவே குறுக்கே மூன்று மின்கம்பி, மூலையில் யாரோ பைக்கில் மாட்டி வைத்த சிவப்பு ஹெல்மெட், ஓரத்தில் என் முழங்கை.

“இருங்க, இதை பெயின்டிங் ஆக்கிடலாம்” என்று ஒரு செயலியைத் திறந்து பொத்தானை அழுத்தினாள். இரண்டு நொடி. தைல வண்ணத்தில் தூரிகை இழுத்து வரைந்த மாதிரி ஒரு படம் வந்தது. கல் சுவர் மெழுகிய மாதிரி வழவழவென்று, வானம் பட்டை பட்டையாக. அசந்துபோனோம். அப்புறம்தான் கவனித்தோம்: ஹெல்மெட்டையும் அதே பக்தியோடு வரைந்திருந்தது செயலி. விமானத்தின் உச்சியில் இரண்டு புறா உட்கார்ந்திருந்தன, அவற்றைக் காணோம்.

ஹெல்மெட் ஏன் தப்பியது, புறா ஏன் போயிற்று? அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் எங்கள் பேச்சு இதுதான்.

முதலில் செல்போன் படம் என்பது என்ன என்று பார்ப்போம். உள்ளே கோயில் எதுவும் இல்லை. எண்கள்தான் இருக்கின்றன. 12 மெகாபிக்சல் படம் என்றால் ஒரு வரிசைக்கு 4000 புள்ளி, அப்படி 3000 வரிசை. பெருக்கிப் பாருங்கள், 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்: சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கலாம். மூன்றும் 0 என்றால் கறுப்பு, மூன்றும் 255 என்றால் வெள்ளை. 256-ஐ மூன்று முறை எழுதிப் பெருக்கினால் 1,67,77,216. அத்தனை நிறத்தைச் செல்போனால் எழுதி வைக்க முடியும். உங்கள் கிரேயான் பெட்டியில் எத்தனை இருக்கிறது? பன்னிரண்டா, இருபத்து நான்கா?

அங்கேதான் விஷயம். ஓவியருக்கு அத்தனை நிறம் வேண்டாம், அத்தனை புள்ளியும் வேண்டாம். கல் சுவரில் இருக்கிற ஒவ்வொரு சொரசொரப்பையும் அவர் வரைவதில்லை. “இது வெயில் பட்ட பக்கம், இது நிழல் பக்கம்” என்று இரண்டு இழுப்பில் முடித்துவிடுவார். ஆனால் வெயிலும் நிழலும் சந்திக்கிற விளிம்பை மட்டும் விடமாட்டார். அதுதான் சுவர் வளைகிறது என்று நமக்குச் சொல்கிறது. ஆக, படத்தை ஓவியமாக்குவது என்றால் பெரும்பாலும் கழித்தல் கணக்கு. சில்லறையைக் கழிக்க வேண்டும், விளிம்பைக் காப்பாற்ற வேண்டும்.

இதைக் கணினிக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது? சில்லறையைக் கழிக்கச் சுலபமான வழி, பக்கத்துப் புள்ளிகளைச் சேர்த்துச் சராசரி எடுப்பது. நோட்டை எடுங்கள், நாமே செய்வோம். சுவரின் வெயில் பக்கத்திலிருந்து நிழல் பக்கம் வரை ஆறு புள்ளிகள்:

200, 202, 198, 60, 58, 62

முதல் மூன்றும் வெயில், அடுத்த மூன்றும் நிழல். ஒவ்வொரு புள்ளிக்கும் பதிலாக அதையும் இரண்டு பக்கத்து ஆட்களையும் கூட்டி மூன்றால் வகுத்து எழுதுங்கள். ஓரத்துப் புள்ளிகளை விட்டுவிடலாம். நடுவில் இருக்கும் நான்கும் 200, 153, 105, 60 என்று வரும். சொரசொரப்பு போய்விட்டது, சரி. ஆனால் விளிம்பும் போய்விட்டதே! 200-லிருந்து ஒரே தாவலாக 60-க்கு இறங்கிய இடம், இப்போது படிக்கட்டு மாதிரி சரிகிறது. கண்ணாடி போடாத தாத்தா பார்க்கிற கோயில் இப்படித்தான் மங்கலாக இருக்கும். ஓவியம் இல்லை.

1976-ல் ஜப்பானில் குவாஹாரா என்பவரும் கூட்டாளிகளும் இதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். நம் வரிசையிலேயே செய்துபார்க்கலாம். 198 என்ற புள்ளிக்கு இரண்டு பக்கத்துக் குழுக்கள் உண்டு. இடப்பக்கக் குழு 200, 202, 198. வலப்பக்கக் குழு 198, 60, 58. எந்தக் குழுவுக்குள் சண்டை குறைவு? இடப்பக்கத்தில் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி பேசுகிறார்கள். வலப்பக்கத்தில் ஒருவர் 198 என்கிறார், இன்னொருவர் 58 என்கிறார். சண்டை இல்லாத வீட்டின் சராசரியை எடுத்துக்கொள், மற்றதை விட்டுவிடு. விடை 200. அடுத்து 60 என்ற புள்ளி. அதற்கு இடப்பக்கம் 202, 198, 60. வலப்பக்கம் 60, 58, 62. இப்போது வலப்பக்கம்தான் ஒற்றுமையான வீடு. விடை 60. பாருங்கள், 200-க்குப் பக்கத்தில் 60. விளிம்பு அப்படியே நிற்கிறது, சொரசொரப்பு மட்டும் போய்விட்டது.

நிஜப் படத்தில் புள்ளிகள் மேலும் கீழும் இருப்பதால் இரண்டு குழுவுக்குப் பதில் நான்கு குழு. அவ்வளவுதான் வித்தியாசம். 1 கோடியே 20 லட்சம் புள்ளிக்கும் இந்தப் பஞ்சாயத்தைச் செய்து முடித்தால், ஒரே மாதிரியான இடங்கள் திட்டுத் திட்டாகச் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு திட்டும் ஒரு தூரிகை இழுப்பு மாதிரி தெரியும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது என்னவென்றால், குவாஹாரா ஓவியத்தை நினைத்து இதைச் செய்யவில்லை. இதயத்துக்குள் ரத்தம் ஓடுவதைக் காட்டும் மருத்துவப் படங்கள் அந்தக் காலத்தில் புள்ளி புள்ளியாக, மழைத் தூறல் விழுந்த கண்ணாடி மாதிரி இருந்தன. தூறலைத் துடைக்க வேண்டும், இதயச் சுவரின் விளிம்பு மட்டும் கலையக் கூடாது. அதற்காகச் செய்த கணக்கு, பின்னால் வந்தவர்கள் கையில் ஓவிய ஃபில்டர் ஆகிவிட்டது.

இப்போது நம் புறாக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டது. தூரத்தில் இருந்த புறா படத்தில் ஏழெட்டுப் புள்ளி அகலம்தான். சுற்றிலும் வானம். ‘சண்டை இல்லாத வீடு எது’ என்று கேட்டால் வானம்தானே ஜெயிக்கும்? புறாவைத் தூசி என்று நினைத்துத் துடைத்துவிட்டது கணக்கு. ஹெல்மெட் கிட்டத்தில் இருந்ததால் நூற்றுக்கணக்கான புள்ளி அகலம். தப்பிவிட்டது. கணக்குக்கு அளவு தெரியும், புறா தெரியாது.

“அப்போ புறா எது, ஹெல்மெட் எதுன்னு தெரிஞ்ச செயலி இல்லையா மாமா?”

ஓரளவு உண்டு. 2015-ல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரத்தில் கேட்டிஸ், எக்கர், பெத்கே என்ற மூன்று பேர் வேறு வழியில் போனார்கள். பத்து லட்சத்துக்கும் மேலான படங்களைக் காட்டி, ‘இது நாய், இது கப்பல்’ என்று அடையாளம் சொல்லப் பழக்கிய கணினி வலை ஒன்று ஏற்கெனவே இருந்தது. அது அடுக்கு அடுக்காக வேலை செய்யும். முதல் அடுக்குகள் கோடு, நிறம், கீறல் இவற்றைக் கவனிக்கும். உள்ளே போகப் போக வட்டம், கண், சக்கரம் என்று பெரிய வடிவங்களைப் பிடிக்கும். உள்ளடுக்கு சொல்வதை வைத்துப் படத்தில் எது எங்கே இருக்கிறது என்று அறியலாம். ஓர் ஓவியத்தில் எந்தக் கீறலோடு எந்த நிறம் சேர்ந்து சேர்ந்து வருகிறது என்று கணக்கெடுத்தால், அதை வரைந்தவரின் கைப்பழக்கம் கிடைத்துவிடும்.

பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சொல் ஒன்று, மெட்டு ஒன்று. ஒரு பாட்டின் சொல்லை எடுத்து இன்னொரு பாட்டின் மெட்டில் பாடி நீங்கள் விளையாடியதில்லையா? அதேதான். தங்கள் ஊர் ஆற்றங்கரை வீடுகளின் போட்டோவைச் சொல்லாக எடுத்துக்கொண்டார்கள். வான் கோ 1889-ல் வரைந்த ‘விண்மீன் இரவு’ ஓவியத்தை மெட்டாக எடுத்துக்கொண்டார்கள். வெறும் புள்ளித் தூறலான ஒரு படத்தில் ஆரம்பித்து, ‘சொல் இதற்கு ஒத்துப்போகிறதா, மெட்டு அதற்கு ஒத்துப்போகிறதா’ என்று பார்த்துப் பார்த்துப் புள்ளிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே போயிற்று கணினி. கடைசியில் அதே வீடுகள், மேலே வானம் மட்டும் சுழித்துச் சுழித்து. அடுத்த வருஷமே, 2016-ல், பிரிஸ்மா என்ற செயலி வந்து உலகம் முழுக்கச் செல்போன்களில் இந்த விளையாட்டைப் பரப்பிவிட்டது.

இதுவும் முழு ஓவியர் இல்லை என்பது என் கட்சி. வான் கோவின் மெட்டு வரும். ஆனால் ஹெல்மெட்டும் வான் கோ ஹெல்மெட்டாக வரும். எடுத்துவிடு என்று யாராவது சொன்னால்தான் எடுக்கும்.

போட்டோவில் தூரிகை வைப்பது செல்போனோடு வந்த பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊரில் அதற்கு 160 வருஷத்துக்கு மேல் வயசு. லின்னேயஸ் டிரைப் என்று ஒரு ராணுவ கேப்டன். சென்னை மாகாண அரசுக்காக 1857, 58-ல் மாட்டு வண்டிகளில் கேமராவை ஏற்றிக்கொண்டு மதுரை, தஞ்சாவூர், திருச்சி, ஸ்ரீரங்கம் என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை 21 படமாக எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கியிருக்கிறார். நாம் போனைப் பக்கவாட்டில் நகர்த்தி எடுக்கிறோமே பனோரமா, அதற்கு இவர் தாத்தா.

அவருக்கு ஒரு தொல்லை இருந்தது. வானத்தில் மேகம் விழவே விழாது. காரணம், அந்தக் கால நெகட்டிவில் பூசிய வெள்ளி உப்புக்கு நீல வெளிச்சம் என்றால் பேராசை. சிவப்பையும் பச்சையையும் அது அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. நீல வானம், வெள்ளை மேகம் இரண்டிலிருந்தும் நீலம் ஏராளமாக வருவதால் இரண்டும் ஒன்றாகி, அச்சில் வானம் வெறுமையாக நின்றுவிடும். சில சமயம் திட்டுத் திட்டாகக் கறையும் தெரியும். பச்சை மரங்களோ கறுப்புக் குவியலாகிவிடும். டிரைப் என்ன செய்தார்? நெகட்டிவ் காகிதத்தின் மேலேயே வண்ணத்தைத் தொட்டு மேகம் வரைந்தார், இலைகளுக்கும் உருவம் கொடுத்தார். நெகட்டிவ் என்றால் வெளிச்சமும் இருட்டும் தலைகீழாக விழுந்த படம். அதன் வழியாக வெளிச்சத்தைப் பாய்ச்சித்தான் அச்செடுப்பார்கள். அங்கே கறுப்பாகப் பூசிய இடம் வெளிச்சத்தை மறித்துவிடும். அச்சில் அது வெள்ளையாக வரும். அதனால் மேகத்தைக் கறுப்பில் வரைந்தார் மனிதர். பழைய படங்களில் வானம் அழகாக இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

கேமராவே வருவதற்கு முன்னால் வந்த ஓவிய ஜோடி ஒன்றும் உண்டு. தாமஸ் டேனியல், அவருடைய உடன்பிறந்தாரின் மகன் வில்லியம். இங்கிலாந்திலிருந்து 1785-ல் கிளம்பியபோது வில்லியமுக்குப் பதினாறு வயசு. 1792, 93-ல் நம் பக்கம் சுற்றினார்கள். மூடிய பெட்டியில் லென்ஸ் வழியாக வெளிச்சம் நுழைந்து, எதிரே இருப்பதை உள்ளே காகிதத்தில் விழச் செய்யும் இருட்டுப் பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு, விழுந்த உருவத்தின் மேல் பென்சில் ஓட்டினார்கள். பாபநாசம் அருவியை அவர்கள் வரைந்த படம் பெயர் பெற்றது. ஊர் திரும்பி 1795 முதல் 1808 வரை 144 படங்களாக அச்சிட்டார்கள். சுற்றுலா போய்வந்து ஆல்பம் போடப் பதின்மூன்று வருஷம்! இதைச் சொன்னதும் அக்கா மகள், இரண்டு நொடிச் செயலியைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தாள்.

சரி, கையால் நாமே செய்வது எப்படி? நம் சினிமா பேனர் ஓவியர்களிடம் அதற்கு வழி இருக்கிறது. ஃப்ளெக்ஸ் அச்சு வருவதற்கு முன்னால், சென்னை அண்ணா சாலையில் நாற்பது அடி, ஐம்பது அடி என்று நின்ற நடிகர்கள் எல்லாம் கையால் வரையப்பட்டவர்கள்தான். ஓவியர்கள் கையில் இருந்தது உள்ளங்கை அளவு ஸ்டில் ஒன்று. அதன் மேல் ஸ்கேல் வைத்துக் கட்டம் போடுவார்கள். துணியிலும் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம் போடுவார்கள். பிறகு நடிகரை மறந்துவிட்டு, ஒரு கட்டத்துக்கு ஒரு கட்டமாக உள்ளே இருக்கிற கோட்டை மட்டும் மாற்றுவார்கள். 10 சென்டிமீட்டருக்கு 15 சென்டிமீட்டர் போட்டோவில் ஒரு சென்டிமீட்டர் கட்டம் போட்டு, துணியில் அதை ஓர் அடிக் கட்டமாக்கினால், 10 அடிக்கு 15 அடி பேனர். நீளம் சுமார் முப்பது மடங்கு. பெயின்ட் எத்தனை மடங்கு வேண்டும்? முப்பது என்று சொன்னவர்கள் கையை இறக்குங்கள். முப்பதை முப்பதால் பெருக்க வேண்டும்: சுமார் 900.

பேனரைக் கிட்டே போய்ப் பார்த்தவர்கள் சொல்வார்கள், மூக்கு ஒரு ரோஸ் பட்டை, கன்னம் ஒரு நீலப் பட்டை, முகமே தெரியாது என்று. சாலையின் எதிர்ப்பக்கம் போனால் நடிகர் சிரிப்பார். இதற்குக் காரணம் நம் கண். ஒரு டிகிரியை அறுபது பங்காக்கினால் வரும் ஒரு பங்குக்கும் குறைவான கோணத்தில் இருக்கிற இரண்டு புள்ளிகளை, பொதுவாக நல்ல கண்ணாலும் பிரித்துப் பார்க்க முடியாது, கலந்துவிடும். கணக்குப் போட்டால், ஒரு மில்லிமீட்டர் இடைவெளி சுமார் மூன்றரை மீட்டர் தூரத்தில் மறைந்துவிடுகிறது. ஒரு சென்டிமீட்டர் தூரிகைப் பட்டை மறைய முப்பத்தைந்து மீட்டர் போக வேண்டும். வெள்ளைத் தாளில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு இரண்டு கறுப்புப் புள்ளி வைத்துச் சுவரில் ஒட்டி, பின்பக்கமாகவே நடந்து பாருங்கள். எந்த இடத்தில் இரண்டும் ஒன்றாகிறது என்று தரையில் சாக்பீஸால் கோடு போடுங்கள். தம்பிக்கும் உங்களுக்கும் கோடு வெவ்வேறு இடத்தில் விழலாம். உங்கள் கோடு ரொம்பக் கிட்டே விழுந்தால் அம்மாவிடம் சொல்லுங்கள், கண்ணாடி தேவைப்படலாம்.

மறுநாள் அக்கா மகள் அந்த ஒற்றைப் படத்தை அச்செடுத்து, கட்டம் போட்டு, சார்ட் பேப்பரில் வரைய உட்கார்ந்தாள். நான் குறுக்கே போகவில்லை. சாயங்காலம் கொண்டுவந்து காட்டினாள். மின்கம்பி இல்லை. ஹெல்மெட் இல்லை. என் முழங்கையும் இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். விமானத்தின் வளைவுக்கு வெயில் பக்கம் ஒரு மஞ்சள், நிழல் பக்கம் ஒரு கத்திரிப்பூ நிறம், அவ்வளவே. உச்சியில் புறா இரண்டும் திரும்பி வந்திருந்தன, நிஜத்தைவிட மூன்று மடங்கு பெரிதாக. பின்னால் விமானத்தைவிட உயரமாக மூங்கில் கூட்டம்.

“போட்டோவில மூங்கிலே இல்லையேம்மா?”

“ஊர்ப் பேரே மூங்கில்னு நீங்கதானே மாமா சொன்னீங்க.”

படம் அக்கா வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது. கிரேயான் கீறல்களுக்கு நடுவே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி. அது கண்ணில் கலந்து மறைய ஏழு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கூடத்தின் நீளம் நான்கு மீட்டர்தான். அதனால் எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்று பார்க்கிறோம்.